ஊழியர் நலனா? முதலில் டியூட்டி சார்ட்டை எடுங்கள்

சுற்று வட்டாரத்துக்கே பெரிய ஆஸ்பத்திரி என்று பெயர், உள்ளே போய்ப் பார்த்தால் எந்தத் துறையிலும் போதுமான ஆள் கிடையாது. அப்படி ஒரு மருத்துவமனையில் ஊழியர் நலக் குழுவை நடத்தும் பொறுப்பு சில வருடங்கள் என்னிடம் இருந்தது. அதற்கு முன்னால் நான் வார்டு இன்சார்ஜ். இதே பொறுப்பு தலையில் விழுந்தவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், டியூட்டி சார்ட்டை எடுத்துப் பாருங்கள் என்பேன். அப்புறம், அந்தச் சார்ட்டில் யார் பெயரெல்லாம் இல்லை என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஊழியர் நலன் என்றதும் நிர்வாகத்துக்கு முதலில் தோன்றுவது ஒரு கூட்டம். வெளியிலிருந்து ஒருவர் வந்து மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசுவார், நாமும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுவோம், போட்டோ எடுப்பார்கள். அந்த அறையில் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தால் போதும். அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் இருப்பார்கள், ஓபி முடித்தவர்கள் சிலர் இருப்பார்கள். ஐசியுவிலிருந்து ஒருவரும் வந்திருக்க மாட்டார், இரவு டியூட்டி முடித்தவர் தூங்கப் போயிருப்பார், துப்புரவுப் பணியாளரை யாரும் கூப்பிட்டே இருக்க மாட்டார்கள். அந்த மாதிரிக் கூட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் ஆள் முழுதாகச் சோர்ந்து போவதை, விளக்கியபோது, வேலையிடத்தில் தொடர்ந்து இருந்து, சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தால் வருவது என்றுதான் எழுதியது. நோய் என்றும் அதைச் சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. காரணம் வேலையில் இருக்கும்போது மருந்தை மட்டும் ஆளுக்கு ஆள் கொடுத்துக்கொண்டிருந்தால் எப்படி?

சரி, ஊழியர்களிடம் கேட்போம் என்று ஒரு கேள்வித்தாள் தயாரித்தோம். இங்கே சின்ன மருத்துவமனைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, பெரிய இடங்களுக்கென்று தயாரித்த மாதிரிப் படிவங்களை அப்படியே எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பெயர் எழுத வேண்டாம் என்று போட்டுவிட்டுக் கீழே துறை, வயது, ஆணா பெண்ணா, எத்தனை வருட அனுபவம் என்று கேட்டிருப்பார்கள். லேப், ஆண், ஐம்பது வயதுக்கு மேல் என்றால் எங்கள் இடத்தில் அது ஒரே ஒரு ஆள்தான். அவர் எழுதியதைப் படிக்கப்போகிறவர் அவருடைய மேலதிகாரி. அதனால் அந்தக் கட்டங்கள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, போன வாரத்தில் உங்கள் வேலையை மிகவும் கஷ்டமாக்கியது எது, அதில் நாளைக்கே மாற்றக்கூடியது ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டோம். எழுதத் தெரியாதவர்களிடமும் எழுதத் தயங்கியவர்களிடமும் நேரில் போய்க் கேட்டோம். வந்த பதில்களில் மனநலம் என்ற சொல் அரிதாகத்தான் இருந்தது. சார்ட் கடைசி நேரத்தில் வருகிறது, சாப்பிட நேரமில்லை, உட்கார இடமில்லை, கழிவறைக்குப் போவதற்கு ஆள் மாற்றிவிட்டுப் போக முடியவில்லை, ஈவினிங் முடித்து ராத்திரி வீட்டுக்குப் போனால் மறுநாள் காலை டியூட்டி. இவைதான் திரும்பத் திரும்ப வந்தன.

அந்தக் கடைசிப் புகாரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். மாலை ஷிப்ட் முடிந்து அடுத்து வருபவரிடம் ஹேண்டோவர் கொடுத்து வெளியே வரும்போதே நேரம் ஓடிவிடும். வீட்டுக்குப் போய்ப் படுத்து எழுந்து காலை டியூட்டிக்கு ஓடினால் நடுவில் தூங்கியது ஐந்து மணி நேரம்கூட இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேர நெறிமுறை, எந்த 24 மணி நேரத்திலும் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. நாம் அந்தச் சட்டத்துக்குள் வருகிறோமா இல்லையா என்பது வேறு, உடம்பு எல்லா நாட்டிலும் ஒரே உடம்புதான். எங்கள் சார்ட்டை எடுத்து இந்த 11 மணி நேரம் எங்கெல்லாம் உடைகிறது என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டபோது தாளே சிவப்பாகிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் போட்ட சார்ட் இல்லை அது. வருடக்கணக்காக அப்படியே நகல் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

மாற்றியது என்னவென்றால், ஷிப்டுகள் முன்னோக்கி நகரும்படி அமைத்தோம். காலை ஷிப்டுகள் முதலில், அதன் பிறகு மாலை, அதன் பிறகு இரவு, அடுத்து ஓய்வு. உடம்புக் கடிகாரத்துக்குத் தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது சுலபம், முன்னால் இழுப்பதுதான் கஷ்டம். இதற்குக் கூடுதலாக ஒரு ஆள்கூடத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் ஆள் இல்லை என்பதுதான் எதற்கும் முதல் பதிலாக வரும். சார்ட்டைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே ஒட்டிவிட வேண்டும் என்றும் முடிவு செய்தோம். வார்டு இன்சார்ஜ்கள் இதை எதிர்த்தார்கள், லீவு கேட்டு ஆள் வருவார்களே, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமே என்று. நடந்தது வேறு. நாள் முன்கூட்டித் தெரிந்ததும் ஆட்கள் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம், இரண்டு பேர் கையெழுத்து, இன்சார்ஜ் கையெழுத்து, முடிந்தது. 11 மணி நேர ஓய்வை உடைக்கும் மாற்றத்துக்கு மட்டும் அனுமதியில்லை.

அந்த நோட்டுப் புத்தகத்தால் நாங்கள் எதிர்பார்க்காத ஒரு விஷயமும் வெளியே வந்தது. விசேஷ நாட்களிலும் தொடர் இரவுகளிலும் யார் பெயர் அதிகம் விழுகிறது என்று எண்ணிப் பார்த்தால், கல்யாணமாகாதவர்கள், குழந்தை இல்லாதவர்கள், வெளியூரிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் தங்கியிருப்பவர்கள். ஒரு சிஸ்டர் என்னிடம் நேராகவே கேட்டார்: "எனக்குக் குழந்தை இல்லைங்கறதால எனக்கு வீடே இல்லன்னு முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?" குழந்தை உள்ளவர்களுக்குச் சலுகை கூடாது என்று அவர் சொல்லவில்லை. தன்னை ஒரு வார்த்தை கேட்காமலே தன் நேரத்தை எடுத்துப் பிறருக்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் அவர் கோபம். அதிலிருந்து விசேஷ நாள் டியூட்டிகளுக்குத் தனிக் கணக்கு வைத்தோம், எல்லோரும் பார்க்கும்படி சுவரில். வெவ்வேறு மதத்தவர் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: அவரவர் விசேஷ நாளை வருடத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிப் பேரின் நாள் ஒன்றோடொன்று மோதாது, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொள்ளலாம்.

இரவு ஓய்வு பற்றி ஒரு பெரிய சண்டையே நடந்தது. டியூட்டியில் தூங்குவதா என்று. 1997இல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டியது இது: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பல நாடுகளில் வண்டி ஓட்டத் தடை விதிக்கும் அளவு அது. குடித்துவிட்டு வந்தவரை ஊசி போட விடுவோமா என்று கேட்டேன், கூட்டம் அமைதியாகிவிட்டது. இருந்தாலும் ஒப்புக்கொள்ள வைத்தது அந்த வாதம் இல்லை, விதிமுறைதான். இரண்டு பேர் இருக்கும் வார்டில் ஒருவர் இருபது, இருபத்தைந்து நிமிடம், பெயர் எழுதிவிட்டு, மாற்று ஆள் யார் என்று சொல்லிவிட்டுப் படுக்கலாம், எழுந்ததும் கொஞ்ச நேரம் மருந்து கணக்கிடும் வேலை செய்யக் கூடாது. அரைமணிக்கு மேல் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழுந்தவுடன் தலை மந்தமாக இருக்கும், அதற்காகத்தான் அந்த வரம்பு. ஒளிந்து தூங்குவது நின்றது. ஒளிந்து தூங்குகிறவரை எழுப்ப யாருக்கும் தெரியாது என்பதுதான் உண்மையான ஆபத்து.

ஒற்றை ஆள் பதவிகள்தான் எங்களால் முழுதாகத் தீர்க்க முடியாமல் போனவை. ஒரே மயக்க மருந்து நிபுணர், இரவில் ஒரே லேப் டெக்னீஷியன். அவர்களுக்கு ஓய்வு நாள் என்று சார்ட்டில் எழுதியிருக்கும், போன் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் செய்ய முடிந்தது, நள்ளிரவுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்தது. எதற்காக அழைத்தார்கள், உண்மையில் அவசரமா, காலை வரை காத்திருக்கலாமா? கொஞ்ச நாள் பதிவு செய்தபின் பார்த்தால், கணிசமானவை காத்திருக்கக்கூடியவை. எந்தெந்தக் காரணத்துக்கு அழைக்கலாம் என்று ஒரு பக்கக் குறிப்பு ஒட்டினோம். இரவில் வந்து போனவர் மறுநாள் தாமதமாக வரலாம், முதல் அறுவை சிகிச்சை அதற்கேற்பத் தள்ளிப்போகும். பக்கத்து மருத்துவமனையோடு அழைப்பு முறையைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் காகிதத்தில் மட்டும் இருந்தது, நான் விலகும்வரை அது நகரவில்லை.

இனி, சார்ட்டில் பெயர் இல்லாதவர்கள். துப்புரவு, செக்யூரிட்டி, சலவை, ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள், பெரும்பாலும் காண்ட்ராக்ட். சம்பளம் வேறிடத்திலிருந்து வருவதால் அவர்கள் எங்கள் ஊழியர் இல்லை என்று அலுவலகம் சொல்லும். ஆனால் நோயாளியின் ரத்தம் படிந்த துணியை எடுப்பவர்கள் அவர்கள்தான். துப்புரவுப் பணி செய்யும் ஒரு அக்காவுக்குக் குப்பைப் பையைத் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி விரலில் குத்தியது. தண்ணீரில் கழுவிவிட்டு யாரிடமும் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்திருக்கிறார். மறுநாள் பேச்சுவாக்கில் எங்கள் சிஸ்டர் ஒருவரிடம் சொன்னதால்தான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னா கான்ட்ராக்டர் வேலைக்கு வர வேணாம்னு சொல்லிடுவாரு சிஸ்டர்" என்றார். ஊசியைத் தவறான பையில் போட்டது அவர் இல்லை, படித்தவர்கள் யாரோ.

எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு, நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பதைப் பொறுத்து 6 முதல் 30 சதவீதம் வரை போகும். எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாட்கள் சாப்பிட வேண்டும். நர்ஸுக்கும் டாக்டருக்கும் இதெல்லாம் பாடம். அந்த அக்காவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று டோஸில் ஒன்றுகூடப் போட்டிருக்கவில்லை. அவருக்கு நேரம் கடக்குமுன் சிகிச்சை தொடங்கியது, நல்லபடியாகவே முடிந்தது. அப்புறம் ஒரு விதி எழுதி வாங்கினோம்: வளாகத்துக்குள் யாருக்கு ஊசி குத்தினாலும் நேராகக் காஷுவாலிட்டி, எந்தச் சம்பளப் பட்டியல் என்ற கேள்வி கிடையாது, யாரையும் கேட்டு அனுமதி வாங்க வேண்டாம். தடுப்பூசியை ஒப்பந்தத்திலேயே சேர்த்தோம். ஆனால் ஒப்பந்தக்காரர் மாறினால் ஆட்களும் மாறிவிடுவார்கள், 0, 1, 6 மாதங்கள் என்று போட வேண்டிய தடுப்பூசி நடுவில் நின்றுவிடும். அதனால் அட்டையை ஊழியர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், ஒப்பந்தக்காரரின் பைலில் வைக்காதீர்கள்.

ஓய்வறை விஷயத்திலும் இதே கதைதான். ஸ்டாப் ரூம் என்று பலகை இருக்கும், துப்புரவுப் பணியாளர்கள் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அறையைத் திறந்துவிட்டதும் சிலர் முணுமுணுத்தார்கள், சேர்ந்து உட்கார விரும்பாமல். அந்த முணுமுணுப்புக்கு என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் தானே போய் அந்த அறையில் தன் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்தது எந்தச் சுற்றறிக்கையைவிடவும் வேலை செய்தது. எல்லா மேலதிகாரியும் இதைச் செய்வார் என்று சொல்ல மாட்டேன்.

எல்லோரையும் சேர்த்துக்கொள்வதற்கான மற்ற வேலைகள் பலவும் சின்னச் சின்னச் சாமான் விவகாரம் என்பது எனக்கு ஆச்சரியம். கையுறை ஒரே அளவில் வாங்கினால் சின்னக் கை உள்ளவருக்கு நரம்பு தேடுவதே கஷ்டம். எக்ஸ்ரே அறையின் ஈய ஏப்ரன் பெரிய ஆண் உடம்புக்கு ஏற்றதாக இருந்தால் மற்றவருக்குத் தோளும் முதுகும் போகும். கர்ப்பமான எக்ஸ்ரே டெக்னீஷியன் தயக்கமில்லாமல் சீக்கிரமே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் சொன்ன பிறகு எஞ்சிய காலத்தில் கருவுக்குப் போகும் கூடுதல் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டுக்கு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. சொன்னால் இன்சென்டிவ் போய்விடும் என்று பயந்தால் யார் சொல்வார்? வேலை மாற்றத்தால் பணம் குறையாது என்று முதலில் எழுத்தில் கொடுக்க வேண்டும். பாலூட்டும் அம்மாக்களுக்குப் பூட்டு உள்ள ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, மாதிரிகளும் மருந்தும் வைக்காத ஒரு தனிக் குளிர்சாதனப் பெட்டி போதும். பழைய ஸ்டோர் ரூம் ஒன்றைக் காலி செய்தோம், செலவு என்று சொல்ல எதுவும் இல்லை. எல்லோரும் முகக்கவசம் போடத் தொடங்கியபோது, காது கேளாத ரெக்கார்ட்ஸ் கிளார்க் ஒருவர் திடீரென்று தனியாகிவிட்டார், உதட்டசைவைப் பார்த்துத்தான் அவர் புரிந்துகொண்டிருந்தார். அவரிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டபோது, கேட்டவர்கள் எதிர்பார்த்த பெரிய ஏற்பாடு எதுவும் அவர் கேட்கவில்லை, போனுக்குப் பதில் மெசேஜ் அனுப்பச் சொன்னார். மற்ற துறைகளும் அதற்கு மாறிவிட்டன, எழுத்தில் இருப்பதால் எந்த பைல் கேட்டோம் என்ற சண்டையும் குறைந்தது.

முதுகு வலி பற்றி யாருமே பேசுவதில்லை. நோயாளியைத் தூக்குவது சேவை மனப்பான்மை என்று ஆகிவிட்டது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் கணக்கீட்டு முறைப்படி, நல்ல சூழலில்கூட ஒருவர் கையால் தூக்கும் நோயாளியின் எடை 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு சொல்லப்படுகிறது. உடல் பெருத்த ஒருவரின் ஒரு காலே அதை நெருங்கும். நோயாளியைத் தூக்காமல் நகர்த்த உதவும் வழுக்குத் துணி வாங்கிக் கொடுங்கள், இழுப்பது எப்படி என்று அட்டெண்டர்களுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.

அடுத்தது, ஏதாவது மோசமாக நடந்த பிறகு. எதிர்பாராத மரணம், மருந்துத் தவறு, உறவினர்கள் அடிக்க வருவது. தவறில் சிக்கிய மருத்துவரையும் நர்ஸையும் இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000இல் எழுதினார். அந்தச் சொல் நோயாளியின் குடும்பத்தைப் புண்படுத்துகிறது என்று பிறகு விமர்சனமும் வந்தது, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று டியூட்டியிலிருந்தவர் வீட்டுக்குப் போய் என்ன நிலையில் இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை என்பதும் உண்மை. சம்பவம் முடிந்த கையோடு எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து நடந்ததை விவரமாகச் சொல்ல வைக்கும் வழக்கத்தை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. கட்டாயப்படுத்தி ஒரே தடவை செய்யும் அந்த மாதிரி அமர்வு பலன் தராது, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. பதிலாக, ஒவ்வொரு துறையிலும் எல்லோரும் நம்பும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் அன்றே போய்ப் பேசுவது, வேண்டுமானால் மீதி ஷிப்டை இன்னொருவர் எடுத்துக்கொள்வது, சில நாள் கழித்து மறுபடி விசாரிப்பது. இதற்குப் பதவி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் காஷுவாலிட்டியில் அப்படித் தேர்வானவர் ஒரு சீனியர் அட்டெண்டர் அண்ணன். டாக்டர்கள் உட்பட அவரிடம்தான் போவார்கள்.

கவுன்சிலிங் வேண்டியவர்களை எங்கே அனுப்புவது? எங்கள் மனநல மருத்துவரிடமே என்றால் ஒருவரும் போக மாட்டார். அவருடைய ஓபிக்கு வெளியே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தாலே மாலைக்குள் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிடும். தூரத்தில் இருக்கும் ஒருவரோடு போனில் பேச ஏற்பாடு செய்தோம், ரசீதில் பெயர் வராமல், எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் எங்களுக்கு வரும்படி. அதன் பிறகே ஆட்கள் பயன்படுத்தினார்கள்.

தாக்குதல் புகார்களில் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 190, வேலையிட வன்முறையிலிருந்து பயிற்சியாளர்களையும் ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்தே காக்க வேண்டும் என்கிறது, வெளியாட்களால் வரும் வன்முறையையும் கணக்கில் எடுக்கிறது. நடைமுறையில் அடி வாங்கியவரே போலீசுக்குப் போக வேண்டியிருக்கும், அடித்தவர் அதே ஊர்க்காரர், நாளைக்கே எதிரில் வருவார். அதனால் புகார் மருத்துவமனையின் பெயரில் போக வேண்டும், ஊழியரின் வீட்டு முகவரி அதில் இருக்கக் கூடாது. இதை முன்கூட்டியே எழுதி முடிவு செய்து வைக்காவிட்டால் சம்பவம் நடந்த இரவில் யாரும் செய்ய மாட்டார்கள்.

பலன் இருந்ததா என்று நிர்வாகம் கேட்கும். ஊழியர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்று மதிப்பெண் போட்டுக் காட்டினால் யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள். ராஜினாமா எத்தனை, முதல் வருடத்துக்குள்ளேயே விட்டுப் போனவர்கள் எத்தனை, டபுள் டியூட்டி எத்தனை, முன்னறிவிப்பில்லாத லீவு எத்தனை என்று மாதாமாதம் ஒரே தாளில் கொடுங்கள், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ஊசிக் காயம், தாக்குதல், தவறு பற்றிய புகார்கள் முதலில் கூடும். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் 1996இல் எழுதியதும் இதுதான், நன்றாக நடக்கும் குழுக்களில் தவறுகள் அதிகமாகப் பதிவானதற்குக் காரணம் அங்கே பயமில்லாமல் சொல்ல முடிந்ததே என்று. கண்காணிப்பாளரிடம் இதை முதலிலேயே சொல்லாமல் விட்டால், எண்ணிக்கை ஏறிய முதல் மாதத்திலேயே குழுவைக் கலைத்துவிடுவார்கள்.